மாவுக்கட்டைப் பிரித்த பிறகு

வழுக்கி விழும்போது நாம் இயல்பாகவே கையை ஊன்றுகிறோம்; உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருப்பதால் அது எளிதில் முறிந்துவிடுகிறது. ஏறத்தாழ 6 வாரங்கள் மாவுக்கட்டு இருக்கும். அதைப் பிரித்த அன்றே 'குணமாகிவிட்டது' என்று நம் வீடுகளில் முடிவு செய்துவிடுகிறோம். மறுநாளே தாய்மார்கள் அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எலும்பு கூடியிருக்கும், ஆனால் மூட்டு இறுகியே இருக்கும். மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குதல், உள்ளங்கையைத் திருப்புதல், விரல்களை முழுதாக மூடித் திறத்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் காட்டியபடி நாள்தோறும் பலமுறை செய்ய வேண்டும். வலிமை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். வீட்டுவேலையே போதிய பயிற்சி என்று எண்ணுவது சரியன்று. பாத்திரம் தேய்க்கும் கை, வலிக்காத அளவுக்கே வளைகிறது. வீக்கமோ மரத்துப்போதலோ கூடினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

சஜ்தாவில் உள்ளங்கையைத் தரையில் பதிக்க மணிக்கட்டு பின்னோக்கி நன்கு வளைய வேண்டும். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைத் தயங்காமல் ஏற்கலாம். ஆனால் குடும்பத்தாரின் அலட்சியத்தால் ஒரு தாயின் தற்காலிகச் சலுகை வாழ்நாள் நிலையாகிவிடலாமா?

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். தாயின் உழைப்பில் உண்டு வளர்ந்த நமக்கும் அதைப் பேணும் பொறுப்பில் பங்குண்டு. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் 10 நிமிடங்களை அவர்களின் பயிற்சிக்கென ஒதுக்குவோம். அந்நேரம் அடுப்படியை நாம் பார்த்துக்கொள்வோம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண நலத்தை அருள்வானாக!