ஞாயிறில் கோட்டைக்கு வாங்கோ

கொழும்பில பிள்ளையளுக்கு விளையாட இடமில்லை எண்டு சொல்லுறம். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய்ப் பாருங்கோ. கந்தோர்கள் பூட்டு. யோர்க் வீதியில், சிவப்புக் கார்கில்ஸ் கட்டடத்தின் தூண்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடவே கட்டினது போல நிற்கும். என் நாலு வயது மகள் தூணுக்குத் தூண் ஓடுறாள், நடைபாதைக் கல்லில கெந்துறாள். ஊஞ்சல் கேட்டு அழேல்லை.

1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் பல வீதிகளை அடைச்சு வைச்சிருந்தவை. தமிழாக்கள் சும்மா நிண்டாலே அடையாள அட்டை கேட்பினம். இப்பவும் சீருடையைக் கண்டால் என் கை சட்டைப்பைக்குப் போகுது. அவளோ காவலாளிக்குக் கை காட்டிப்போட்டு ஓடுறாள். "ஓடாதை, தொடாதை" எண்டு கத்தி எங்கட பயத்தை நாங்களே பிள்ளையளிட்டக் குடுக்கவேண்டாம். பூங்கா கட்டட்டும், நல்லது. அதுவரைக்கும் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ. தண்ணிப் போத்தலை மறக்காதேங்கோ, பக்கத்தில திறந்த கடை குறைவு.