ஸ்பேம்ல போட்டா, சொல்லிட்டாவது போடுங்க

ஜிமெயில்ல ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு மெயிலைத் தட்டிப் பாருங்கள். அது ஏன் அங்கே வந்தது என்று மேலே ஒரு வரியில் காரணம் போட்டிருக்கும். 2012-ல் இருந்து கூகுள் இப்படிக் காட்டுகிறது. அந்தக் காரணங்களில் ஒன்று எனக்கு ரொம்ப நாளா உறுத்துது: நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியில் இந்த மெயில் இல்லையாம்.

நம்ம இன்பாக்ஸ்ல என்ன இருக்கு? வேலை அலர்ட், என்பிடெல், ஆன்லைன் ஆர்டர், பேங்க் மெயில். எல்லாமே இங்கிலீஷ். வீட்டுல தமிழும் உருதும் தெலுங்கும் பேசுற வாணியம்பாடிப் பசங்க எல்லாரும் மெஷின் கண்ணுக்கு இங்கிலீஷ்காரங்கதான். தமிழில் ஒரு மெயில் வந்தால் அது அந்நியம்.

ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சீனியர், பழைய மாணவர்களின் மெயிலிங் லிஸ்ட்டில், "மெயின்டனன்ஸுக்கு ரெண்டு பேர் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள ரெஸ்யூமே அனுப்புங்க" என்று எழுதுகிறார்னு வெச்சுக்குங்க. பாதிப் பேருக்கு அது ஸ்பேம்ல விழுது. "யாருக்கும் இஷ்டமில்ல போல" என்று அவர் நினைப்பார். "யாரும் கூப்பிடலையே" என்று நாம நினைப்போம். தப்பு நடந்ததே ரெண்டு பக்கமும் தெரியாது.

ஃபில்டரே வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுப்பதாக 2023-ல் கூகுள் சொன்னது. அதெல்லாம் உள்ளே வந்தா மெயிலையே மூடிட்டுப் போக வேண்டியதுதான். என் சண்டை, சத்தமில்லாமல் தூக்கிப் போடுவதோடுதான்.

மெயிலிங் லிஸ்ட் மட்டும் ஏன் அடிக்கடி மாட்டுது? ஒருவர் எழுதிய மெயிலை லிஸ்ட் சர்வர் வாங்கி, சப்ஜெக்ட்டில் குழுவின் பெயரைச் சேர்த்து, அடியில் இரண்டு வரி ஒட்டி, எல்லோருக்கும் மறுபடி அனுப்புகிறது. அனுப்பியவர் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் கிளம்பிய சர்வர் வேறு. நடுவில் எழுத்து மாறியதால், முதலில் போட்ட டிஜிட்டல் கையெழுத்தும் ஒத்துப்போகாது. ஃபில்டர் பார்வையில் இது போலி மெயில் மாதிரியே இருக்கும்.

ஏப்ரல் 2014-ல் யாஹூ ஒரு முடிவு எடுத்தது. யாஹூ முகவரியோடு வந்து இந்தச் சோதனையில் தோற்கும் மெயிலை வாங்காதீர்கள் என்று உலகத்துக்கே அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் அதைச் செய்தது. திருட்டு முகவரிகளில் ஸ்பேம் குவிந்த நேரம், காரணம் நியாயம்தான். விளைவைப் பாருங்க: யாஹூக்காரர் ஒருவர் லிஸ்ட்டில் எழுதினால், ஜிமெயில்காரருக்குப் போகாமல் திரும்பி வரும். லிஸ்ட் சாஃப்ட்வேர் அதை ஜிமெயில்காரர் கணக்கில் எழுதும். சில தடவை ஆனதும் அவரை லிஸ்ட்டில் இருந்தே நீக்கிவிடும். எழுதினது ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கு!

"அதான் வாட்ஸ்அப் இருக்கே, இன்னும் என்ன மெயில்"னு கேப்பீங்க. வாட்ஸ்அப் குரூப்ல லேட்டா சேர்ந்தா பழசைத் தேடி எடுக்கிறது கஷ்டம். வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்த மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அப்போ அவங்களைச் சேர்த்து வெச்சது மெயில்தான். நம்ம ஊர் தோல் ஷாப்களும் வெளிநாட்டு பையரோடு பேசுவது பெரும்பாலும் மெயிலில்தான்.

பிப்ரவரி 2024-ல் இருந்து விதிகள் இன்னும் இறுகிவிட்டன. ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர் மேல் வரும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. லட்சம் பேருக்கு அனுப்பும் கம்பெனிக்கு இது சரி. 60 பேர் இருக்கும் நம்ம கிளாஸ் லிஸ்ட்டில் ஒரே ஒருத்தர் கடுப்பில் ஸ்பேம்னு அழுத்தினால் 1.6 சதவீதத்தைத் தாண்டிடும். இதைவிடக் கொடுமை, அந்தப் புகார் கணக்கைப் பார்க்க கூகுள் தரும் பக்கத்தில், குறைவாக அனுப்புகிறவருக்கு எதுவும் காட்டாது. மார்க் போடுவாங்க, மார்க் ஷீட் தரமாட்டாங்க.

காரணத்தைச் சொன்னா ஸ்பேம் அனுப்புறவன் உஷாராயிடுவான் என்பது வழக்கமான பதில். எனக்கு அது எடுபடல. அவன் தானே ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து, தன் மெயில் எங்கே விழுதுன்னு பார்த்துக்கலாம். இருட்டில் நிற்பது நேர்மையா அனுப்புறவங்க மட்டும்தான். சந்தேகம்னா வாசலிலேயே காரணத்தோடு திருப்பி அனுப்பட்டும். மெயில் சர்வர்களுக்கு அது தெரியாத வேலை இல்லை. திரும்பி வந்தா சீனியர் போனாவது பண்ணுவார்.

நம்ம ஊர்லயே ஒப்பிட ஒன்று இருக்கு. பாலாற்றைக் கெடுத்ததற்காகத் தோல் ஷாப்கள் மேல் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கடுமையான தீர்ப்புதான். ஆனா அவங்க வாதத்தைக் கேட்டாங்க, சுத்திகரிப்பு நிலையம் அமைக்க நவம்பர் வரை நேரமும் கொடுத்தாங்க. (பாலாறு அதுக்கப்புறம் எப்படி இருக்குங்கிறது தனிக் கட்டுரை.) ஆற்றைக் கெடுத்தவங்களுக்கே கிடைத்த விசாரணை, நாலு வரி தமிழில் எழுதினவருக்குக் கிடையாது. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல பேர் பகிர்ந்தால், பக்கத்துல இருக்கிறவன் ஸ்பேம் அனுப்பினதுக்கும் சேர்த்து எல்லோருக்கும் அடி.

கம்பெனிகள் மாறும் வரைக்கும் நம்ம கையில் இருப்பது கொஞ்சம். ஜிமெயில் செட்டிங்ஸில் லிஸ்ட் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, ஸ்பேமுக்கு அனுப்ப வேண்டாம் என்பதை டிக் பண்ணுங்க. ஒரு லிஸ்ட் பிடிக்கலைன்னா அன்சப்ஸ்கிரைப் பண்ணுங்க, ஸ்பேம்னு அழுத்தாதீங்க. ஸ்பேம் ஃபோல்டர்ல இருக்கிறது 30 நாள்ல தானா அழிஞ்சிடும். போன வாரம் வந்தது இன்னும் அங்கேதான் இருக்கும்.