பிறந்தகம் திரும்பியவள்

கணவனின் கொடுமை பொறாது ஒரு பெண் பிள்ளைகளுடன் தாய்வீடு வந்து சேர்ந்துவிட்டால், "இனிப் பயமில்லை" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். உண்மை வேறு. அடக்கியாண்டவன் தன் பிடி நழுவியதை உணருங் காலமே அவன் சினம் மூளுங் காலம். ஆதலால் அவள் வெளியேறிய முதற் சில மாதங்களே மிகுந்த விழிப்பை வேண்டி நிற்கின்றன.

அவ்வேளையில் வீட்டார் அறியாமற் செய்யும் பிழையொன்று உண்டு. மாப்பிள்ளை கண்ணீருடன் வந்து, "ஒருமுறை தனியே பேசினாற் போதும்" என்பார். பெரியோர் மனமிரங்கி இருவரையும் அறையில் விட்டுத் தேநீர் தயாரிக்கச் செல்வர். வேறோர் உறவினர், அவள் வேலைக்குச் செல்லும் பேருந்தின் நேரத்தைக் கள்ளமின்றிச் சொல்லிவைப்பார். இரக்கத்தாற் செய்யும் இவையே அவளை மீண்டும் ஆபத்தில் தள்ளக்கூடும்.

நமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் துணை நிற்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்து நீதவான் நீதிமன்றிலேயே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமாயின் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். விசாரணையின் பின் வழங்கப்படும் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். அவள் வசிக்குமிடத்துக்கோ தொழில் புரியுமிடத்துக்கோ அவன் செல்லாது நீதிமன்று தடுக்கலாம். மீறுவோன் சிறை செல்லவும் நேரும்.

எனினும், கட்டளை மட்டும் காவலாகாது. அதன் பிரதியை அவள் எப்போதும் கைப்பையில் வைத்திருத்தல் நன்று. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் ஒப்படைக்கலாகாது என்பதைப் பாடசாலை அதிபரிடம் அறிவித்து, கட்டளையையும் காட்டிவைக்க வேண்டும். கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லை மாற்றி, இருக்குமிடத்தைப் பிறர்க்குக் காட்டும் வசதியை நிறுத்த வேண்டும். வேலைக்குச் செல்லும் வழியையும் நேரத்தையும் இடையிடையே மாற்றுதல் நலம். மிரட்டல் வந்தால் அழித்துவிடாது, நாளும் நேரமும் குறித்துப் பேண வேண்டும். அடையாள அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ எடுக்கப் பழைய வீட்டுக்குத் தனியே போதல் கூடாது. பொலிஸ் துணையுடனேயே செல்ல வேண்டும். அயலார் ஒருவரிடமேனும் நிலைமையைக் கூறி, அபயக்குரல் கேட்டால் 119ஐ அழைக்கச் சொல்லிவைத்தல் பேருதவி. ஆலோசனைக்கு மகளிர் உதவி இலக்கம் 1938 உண்டு.

"ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுவதே. ஊர் சொல்வதைப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். வந்தவள் இன்றிரவு அச்சமின்றி உறங்குகிறாளா என்பதை முதலிற் பார்ப்போம்.