மைஎஸ்க்யூஎல்லா போஸ்ட்கிரெஸா: சண்டை போடாமல் ஒப்பிடுவது எப்படி?

எம்.ஜி.ஆரா சிவாஜியா, ரஜினியா கமலா, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா... இந்த வரிசையில் கணினி படிக்கிறவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல்லா, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லா? நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால் போதும். திரும்பி வரும்போது டீ ஆறியிருக்கும், பேச்சு கொதித்துக்கொண்டிருக்கும் :-)

ரஜினி கமல் சண்டையால் யாருக்கும் நஷ்டமில்லை. தரவுத்தளச் சண்டையில் நஷ்டம் உண்டு. எழுதிய நிரல் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் தூக்கிப்போட்டுவிட்டு வேறு மொழியில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கடையின் கணக்கோ, மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளோ ஒரு தரவுத்தளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் லேசில் இறங்காது. குரல் பெரிதாக இருந்தவர் சொன்னதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால், அந்தக் குரலோடு பத்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டும்.

இதில் என் கருத்து இதுதான். சண்டை வருவதற்குக் காரணம் ஒப்பீடு இல்லை, அரைகுறை ஒப்பீடு. முழுசாகச் சொல்லப்பட்ட உண்மையோடு யாரும் அதிக நேரம் மல்லுக்கட்ட முடியாது. அதற்கு நாலு விஷயங்கள் வேண்டும்.

1. பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள்

"மைஎஸ்க்யூஎல் தப்பான தரவைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்." இப்படி ஒருவர் சொன்னால் சண்டை உறுதி. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "5.7-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல், அதன் இயல்பான அமைப்பில், பத்து எழுத்துக்கான இடத்தில் இருபது எழுத்தைக் கொடுத்தால் மீதியை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு சேமித்துக்கொள்ளும். 2015-ல் வந்த 5.7 முதல் பிழை என்று சொல்லி மறுத்துவிடும்." இதில் மறுக்க என்ன இருக்கிறது? ரசிகரும் தலையாட்டுவார், எதிரியும் தலையாட்டுவார்.

இரண்டு பக்கமும் பழைய பாக்கி நிறைய இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 2010-ல் 5.5 பதிப்பு வரும்வரை இயல்பாகக் கிடைத்த சேமிப்பு எஞ்சின் மைஐசாம். அதில் டிரான்சாக்ஷன் கிடையாது, ஃபாரின் கீ கிடையாது. 5.5 முதல் இன்னோடிபி இயல்பானது, இரண்டும் வந்துவிட்டன. "மைஎஸ்க்யூஎல்லில் டிரான்சாக்ஷனே இல்லை" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் மைஐசாம் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள்.

போஸ்ட்கிரெஸ் பக்கமும் அதே கதை. "விண்டோஸில் ஓடாது" என்பது 2005 ஜனவரியில் 8.0 வந்தபோதே முடிந்துபோன விஷயம். "பழைய குப்பையைக் கையால் கூட்ட வேண்டும்" என்பது 2008-ல் வந்த 8.3 தானாகவே கூட்ட ஆரம்பித்ததும் பெரும்பாலும் தீர்ந்தது. "இன்னொரு கணினிக்கு நகல் அனுப்ப வழியில்லை" என்பதை 2010-ல் 9.0 மாற்றியது. ஆனால் அந்த வசதி மைஎஸ்க்யூஎல்லில் அதற்குப் பல வருடங்கள் முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயம்.

2. இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்

வேகப் போட்டி என்று சொல்லிக் கட்டம் கட்டமாகப் படம் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கரண்ட் போனால் என்ன ஆகும்?

தரவுத்தளம் "சேமித்துவிட்டேன்" என்று சொல்வதற்கு முன், தகவல் உண்மையிலேயே வட்டில் எழுதப்பட்டதா என்று காத்திருக்க வேண்டும். நேரத்தைத் தின்பது அந்தக் காத்திருப்புதான். இன்னோடிபியில் ஓர் அமைப்பை 1-லிருந்து 2-ஆக மாற்றினால், ஒவ்வொரு முறையும் காத்திருக்காமல் ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை எழுதும். வேகம் எகிறும், கரண்ட் போனால் கடைசி வினாடியின் கணக்கு போகலாம். போஸ்ட்கிரெஸிலும் இதே மாதிரி காத்திருக்காமல் பதில் சொல்ல வைக்கும் அமைப்பு உண்டு. ஒருவரை ஹெல்மெட் போட்டு ஓட்டச் சொல்லி, இன்னொருவரை இல்லாமல் ஓட்டவிட்டு, "யார் வேகம் பார்த்தாயா" என்றால் எப்படி?

நினைவகமும் அப்படித்தான். எதையும் மாற்றாமல் நிறுவினால் போஸ்ட்கிரெஸ் தன் தற்காலிக நினைவகத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 128 எம்பி. மைஎஸ்க்யூஎல் 8.0-ல் இன்னோடிபிக்கும் அதே 128 எம்பிதான். தனக்குப் பிடித்ததற்கு மட்டும் 8 ஜிபி ஒதுக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அந்தப் படம் சொல்வது தரவுத்தளத்தின் வேகத்தை அல்ல, போட்டி நடத்தியவரின் மனசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

3. உங்கள் தரவைக் கொண்டு சோதியுங்கள்

நம் ஆட்களுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று லெங்த் ஃபங்ஷனைக் கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் 15 என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் 5 என்று சொல்லும். தமிழ் ஐயாவைக் கேட்டால் 3 என்பார்!

மூவருமே சரி. மைஎஸ்க்யூஎல்லில் அந்த ஃபங்ஷன் பைட்டுகளை எண்ணுகிறது. போஸ்ட்கிரெஸில் அதே பெயருள்ள ஃபங்ஷன் யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்8-ல் 3 பைட், ஆக 15. ஐயா எண்ணுவது எழுத்தை. எழுத்துகளை மட்டும் எண்ண மைஎஸ்க்யூஎல்லில் வேறு ஃபங்ஷன் இருக்கிறது, அதைக் கேட்டால் அதுவும் 5 என்றே சொல்லும். ஒரே கேள்வியை இரண்டிலும் ஓட்டிவிட்டு "ஒன்று தப்பாகச் சொல்கிறது" என்று அறிவிப்பவர், கேள்வி ஒன்றுதானா என்று பார்க்கவில்லை.

இதே சோதனையை இன்னும் தோண்டினால் ஓர் உண்மையான குறையும் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நீண்ட காலம் இருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். சாதாரணத் தமிழுக்கு அது போதும் என்பதால் நமக்குத் தெரியாமலே போனது. எமோஜிக்கு 4 பைட் வேண்டும். 2019-ல் யூனிகோடு 12-ல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட். பழைய கல்வெட்டுக் கணக்கையோ ஓலைச்சுவடிக் கணக்கையோ உள்ளிட நினைக்கிறவர் அங்கேதான் முட்டிக்கொள்வார். 4 பைட் தாங்கும் வகை 5.5-ல் வந்தது, 2018-ல் வந்த 8.0-ல்தான் அது இயல்பானது. இது கேலிக்குரிய விஷயம் இல்லை, பழைய தளத்தை எடுத்து நடத்தப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

4. உங்கள் கட்சியின் குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்

எனக்குப் போஸ்ட்கிரெஸ் பிடிக்கும். அதனால் அதன் குறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஒரு தனிப் ப்ராசஸைத் தொடங்கும். ஆயிரக்கணக்கில் இணைப்பு வந்தால் நடுவில் பிஜிபவுன்சர் மாதிரி ஒன்றை வைத்தாக வேண்டும். ஒரு வரிசையைத் திருத்தினால் பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதும், குப்பை சேரும். "போஸ்ட்கிரெஸ் என்றால் பாதுகாப்பு" என்று மார்தட்டுகிறோமே, 2018-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. வட்டில் எழுதுவது தோற்றுப்போனால் லினக்ஸ் அதைச் சொல்லும் விதத்தைப் போஸ்ட்கிரெஸ் ஏறக்குறைய இருபது வருடமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது. 2019-ல் திருத்தினார்கள். மறைக்கவில்லை, பொதுவிலேயே விவாதித்துத் திருத்தினார்கள் என்பதுதான் பெருமை.

ஊபர் கதையும் இதற்குப் பொருந்தும். ஒரு காலத்தில் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குப் போன அதே நிறுவனம், 2016-ல் தாங்கள் ஏன் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறினோம் என்று விரிவாக எழுதியது. ஒரு சின்னத் திருத்தத்துக்குக்கூடப் பல இன்டெக்ஸ்களில் எழுத வேண்டியிருக்கிறது என்பது முக்கியப் புகார். போஸ்ட்கிரெஸ் நிரலாளர்கள் சிலர் "இதில் உண்மை இருக்கிறது, இதில் இல்லை" என்று பிரித்துப் பதில் சொன்னார்கள். மறுபக்கம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2009-ல் மைஎஸ்க்யூஎல்லை விட்டுப் போஸ்ட்கிரெஸுக்கு வந்தது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட விக்கிமீடியா தளங்கள், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கு 2013-ல் மாறின. இவர்களில் யார் முட்டாள்? யாருமில்லை. வேலை வேறு, அதனால் விடை வேறு.

ஒப்பிடுவதே ஓர் உரிமை

1983-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் அன்றைய தரவுத்தளங்களை அளந்து முடிவை வெளியிட்டார்கள். ஆரக்கிளுக்கு அது சாதகமாக வரவில்லை. அதன் பின் "எங்கள் அனுமதியில்லாமல் வேகச் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது" என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை ஏறியது. அதற்கு "டிவிட் ஷரத்து" என்றே பெயர் நிலைத்துவிட்டது. விலை கொடுத்து வாங்கும் தரவுத்தளங்கள் பலவற்றில் இந்த வாய்ப்பூட்டு உண்டு.

போஸ்ட்கிரெஸுக்கு அது கிடையாது. ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் மரியாடிபிக்கும் கிடையாது. ஒரு மாணவன் தன் பழைய மடிக்கணினியில் அளந்து, எப்படி அளந்தேன் என்பதையும் சேர்த்து உலகத்துக்கே சொல்லலாம். இப்படிக் கிடைத்த சுதந்திரத்தைக் குழாயடிச் சண்டைக்குச் செலவழிக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

"அப்படியென்றால் இரண்டும் நல்லதுதானே" என்று முடித்துவிடலாமா? கூடாது. அது நியாயம் இல்லை, நழுவல். கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டும், எனவே என் பதில்: வேர்ட்பிரஸ் மாதிரி ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லுக்காக எழுதப்பட்டதை நிறுவப்போகிறீர்களா? மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி, யோசிக்கவே வேண்டாம். பணம், மதிப்பெண், மருந்து என்று ஒரு வரிசை தப்பானாலும் யாரோ ஒருவர் அழ வேண்டிவரும் புதிய வேலையா? போஸ்ட்கிரெஸ். டேபிளின் அமைப்பை மாற்றுவதைக்கூட டிரான்சாக்ஷனுக்குள் வைத்து, பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம் என்பது அதில் எனக்குப் பெரிய நிம்மதி. மைஎஸ்க்யூஎல்லில் அப்படி மாற்றினால் அந்த நிமிடமே உறுதியாகிவிடும். ஒரே கணினியில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சின்ன மென்பொருளா? இரண்டும் வேண்டாம், எஸ்க்யூலைட் போதும்.

இது தப்பு என்று நினைக்கிறீர்களா? சந்தோஷம். பதிப்பு எண், அமைப்பு, என்ன வேலை என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டீ என் செலவு.