ஊர் சொன்னதெல்லாம் நீதியா?

‘ஊரோடு ஒத்து வாழ்’ என்பதே தமிழரின் நெறி; ஒத்துப்போனதால்தான் எளியவர்கள் காக்கப்பட்டார்கள்; தனிமனித விருப்பம் மேற்கிலிருந்து வந்த நோய்; பழமொழிகளை மறந்ததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். பழமொழிகளின் பெருமை பேசும் ஒரு கட்டுரையாளரின் வாதம் இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட நிற்காது.

பழமொழிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அடங்கிப்போகச் சொல்லும் நாலைந்தைப் பொறுக்கியெடுத்து ‘முன்னோர் தீர்ப்பு’ என்று முத்திரை குத்துவது மோசடி. ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பதை எந்த வெள்ளைக்காரரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. ‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்றதும் நம் பாட்டிமார்தான். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக்கொண்டே இருந்தால் வாழ முடியாது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒத்துப்போனதால் எளியவர்கள் காக்கப்பட்டார்கள் என்கிறாரே, அதுதான் பெரிய பொய். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதும் பழமொழிதான். ஊர்க்கூட்டத்தில் வாய்திறக்க முடியாதவர்கள் விட்டுச்சென்ற சாட்சியம் அது. பண்ணையார் அடுத்தவர் வரப்பை வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டால், ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளும். அதே ஊரில் கூலிக்காரர் மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் மட்டும் ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்ற உபதேசம் கிளம்பும். பண்ணையாரிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் நா எழாது.

ஒத்துப்போகாதவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அங்கே படிக்க விரும்பிய முத்துலட்சுமி பின்வாங்கவில்லை. 1912இல் மருத்துவப் படிப்பை முடித்தார். பின்னர் சட்டமன்றத்துக்குள் சென்று தேவதாசி முறைக்கு எதிராக வாதாடினார். அதை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத ஐயர், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அவருடைய சொந்தச் சாதியிலேயே பலர் கொதித்தெழுந்தார்கள். இவர்கள் ஊரோடு ஒத்துப் போயிருந்தால் பொட்டுக்கட்டும் வழக்கமும் பூட்டிய கோயில் கதவும் இன்னும் எத்தனை காலம் நீடித்திருக்கும்?

பழமொழிகளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. யார், யாரிடம், எதை அடக்குவதற்காகச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்கிறேன். ‘ஒத்து வாழ்’ என்று யாரிடமாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், காதலித்து மணந்தவர்களை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் கட்டப்பஞ்சாயத்துக்காரர்களிடம் கட்டுரையாளர் போய்ச் சொல்லட்டும்: சட்டத்தோடு ஒத்து வாழுங்கள் என்று.