கல்லின் பெயரும் கல்லின் எடையும்

சங்க இலக்கிய மணிகளைப் பற்றிய ஆய்வுகளில், உரையும் அகராதியும் தரும் பொருளையே கனிமத்தின் பெயராகக் கொள்ளும் போக்கு உள்ளது. சொல்லைக் கொண்டு கல்லை முடிவு செய்ய இயலாது. அதற்குப் புவியியலின் அடிப்படைகளும் தமிழாய்வாளருக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் கொடுமணத்தைக் குறிக்கின்றன. இரண்டிலும் முத்து பெயர் சுட்டப்படுகிறது. ஏனைய அரும்பொருள்களுக்குக் ‘கலம்’ என்னும் பொதுச்சொல்லே உள்ளது. கொடுமணமாகக் கருதப்படும் நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகளே பெரில், நீலம், குவார்ட்சு முதலிய கற்களில் மணி செய்யப்பட்டதைக் காட்டின. பாடல் கூறாத கற்பெயரை மண் கூறியது.

கனிமம் வேறு, பாறை வேறு. வரையறுத்த வேதியியற் சேர்மானமும் படிக அமைப்பும் உடையது கனிமம். கனிமங்களின் தொகுதி பாறை. பல்லடத்திற்குக் கிழக்கே, காங்கயத்தை அடுத்த படியூரில், நைசுப் பாறையை ஊடுருவிய பெக்மடைட்டு நரம்புகளில் பெரில் கிடைத்தது. அருகிலுள்ள சிவன்மலையின் சயனைட்டுப் பாறையில் குருந்தம் உள்ளது. ஹாலந்து 1901இல் இதனை விரிவாக எழுதினார். குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆயிற்று. சிலிக்கா மிகுந்து குவார்ட்சு விளையும் பாறையில் குருந்தம் பொதுவாக உருவாவதில்லை. எனவே, ‘கொங்கு மணி’ என ஒரே பெயரில் அடக்கப்படுபவை வெவ்வேறு பாறைகளில் பிறந்தவை. அவற்றைத் தேடியவர் சென்ற இடங்களும் வெவ்வேறாகவே இருந்திருக்கும்.

வைடூரியம் என்னும் சொல் இச்சிக்கலை நன்கு விளக்கும். வைடூர்யம் என்னும் வடசொல்லின் பாகத வடிவே கிரேக்கம் வழியாகப் ‘பெரில்’ ஆயிற்று என்பது சொற்பிறப்பியலார் பலர் கருத்து. இன்றைய நகைக்கடையிலோ வைடூரியம் என்பது பூனைக்கண் கல். அது கிரைசோபெரில் என்னும் வேறு கனிமம். பெரிலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.7, கிரைசோபெரிலுடையது 3.7. பழஞ்சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றினால் ஒரு கனிமத்தின் வணிக வரலாறு மற்றொன்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒப்படர்த்தியை அறிவது எளிது. மணியைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, காற்றிலுள்ள எடையை இவ்விரண்டின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். துளையில் காற்று தங்கினால் விடை குறையும். கீறிப் பார்க்கும் சோதனையைப் போல் இது தொல்பொருளைச் சிதைப்பதில்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு: ஏறத்தாழ 4.0 உடைய நீலம் தெளிவாகப் பிரியும், 2.65 உடைய குவார்ட்சு பெரிலை நெருங்கி நிற்கும். அங்கே ஒளிவிலகல் எண்ணையும் பார்த்தே முடிவு கூறல் வேண்டும்.

ஆதலின், மணிகளைப் பற்றிய ஆய்வேட்டில் மூலச்சொல், உரைகாரர் பொருள், இன்றைய வழக்கு, அளந்தறிந்த கனிமம் ஆகிய நான்கும் தனித்தனியே தரப்பட வேண்டும். அளக்கப்படாத இடத்தில் கனிமப் பெயரைத் தவிர்ப்பதே முறை. ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் புவியியல் துறையின் சில வகுப்புகளைச் சேர்ப்பது தமிழ்த்துறைகளுக்கு அரிதன்று. கல்வெட்டைப் படிக்க எழுத்தியல் பயில்கிறோம். கல்லைப் படிக்கவும் பயிற்சி வேண்டும்.