பழைய மோட்டார் சைக்கிளும் புதிய கைகளும்

கொல்லைப்புறத்துக் கொட்டகையிலே பல்லாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டு ஓடச் செய்தல் வேண்டும் என்னும் ஆவல் நம் கலாசாலை மாணவர் சிலரிடம் இந்நாளிற் காணப்படுகின்றது. அவ்வாவல் இகழத்தக்கதன்று. வெப்பவியற் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்து ஒப்பித்த ஒருவன், சிலிண்டரினின்றும் பிஸ்டனைத் தானே உருவியெடுத்து, அதன் தலையிற் படிந்த கரியைச் சுரண்டிப் பார்ப்பானாயின், தான் படித்ததன் பொருளை அன்றுதான் அறிகின்றான். ஆகவே இம்முயற்சியைத் தடுக்க எண்ணி யான் இதனை எழுதவில்லை. அதனைத் தொடங்கும் முறையிலே நம்மவர் பெரும்பாலோர் தவறுகின்றனர் என்பதே என் அபிப்பிராயம். அத்தவற்றை நானே செய்து, அதன் பயனை என் தம்பி அனுபவித்தமையால், இதனைக் கூற எனக்குச் சிறிது உரிமையும் உண்டு.

இளைஞர் உள்ளத்தை முதலிற் கவர்வது ராஜ்தூத் 350 என்னும் வண்டியே. ஜப்பான் தேசத்து யமஹா கம்பெனியார் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.டி. 350 என்னும் விரைவு வண்டி இதற்கு மூலமாகும். எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் யமஹாவின் இசைவு பெற்று, 1983 முதல் 1989 வரை இதனை இந்தியாவிற் செய்து வந்தனர். 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், இரண்டு சிலிண்டர்களும், ஆறு கியர்களும் உடைய டூ-ஸ்ட்ரோக் வண்டி இது. பெட்ரோலை மிகுதியாகக் குடித்ததனாலும், விலை ஏறியிருந்ததனாலும் அக்காலத்து மக்கள் இதனை விரும்பி வாங்கினாரில்லை. வாங்காது விட்டவர்களின் பிள்ளைகளே இன்று பெரும்பொருள் கையிற் கொண்டு இதனைத் தேடியலைகின்றனர்.

இவ்வண்டியிற் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுளது. ஜப்பானிய மூல வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது; இந்திய வண்டிக்கோ டிரம் பிரேக்கே வாய்த்தது. மூல வண்டியின் 39 குதிரைத்திறன் இங்கே சுமார் முப்பதாகவும், பிற்பட்ட வண்டிகளில் அதனினும் குறைவாகவும் தணிக்கப்பட்டது மெய்யே. ஆயினும் 100 கன சென்டிமீட்டர் வண்டிகள் பெருகி வந்த அந்நாளிலே முப்பது குதிரைத்திறன் என்பது சிறிதன்று. அன்றியும், ஆக்ஸிலரேட்டரை மூடியவுடன் ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரம் வண்டியைப் பின்னிழுத்துப் பிடிப்பது போல டூ-ஸ்ட்ரோக் இயந்திரம் பிடிப்பதில்லை. ஆகவே வேகத்தைத் தணிக்கும் சுமை முழுவதும் பிரேக்கின்மேலேயே விழுகின்றது. புதியதாய் இருந்த காலத்திலேயே நிற்பதிற் பின்தங்கியிருந்த வண்டி, முப்பது நாற்பது ஆண்டு கொட்டகையிற் கிடந்தபின் எவ்வாறிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

நிற்க. நான் செய்ததைக் கூறுகிறேன். பட்டப்படிப்பு முடித்த ஆண்டிலே அத்தகைய வண்டியொன்று உறவினர் ஒருவர் வாயிலாக எனக்குக் கிடைத்தது. முதலில் டேங்க்கைக் கழற்றி வண்ணம் பூசக் கொடுத்தேன். சைலன்சர் இரண்டிற்கும் குரோமியப் பூச்சு ஏற்றினேன். பின்னர் இயந்திரத்தைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன்கள் இட்டேன். கையிருந்த பணம் அவ்வளவில் தீர்ந்தது. பிரேக்கை அழுத்திப் பார்த்தேன், சக்கரம் நின்றது, அதுவே போதுமென்றிருந்தேன். மூன்றாம் வாரத்தில், “அண்ணா, ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டுமா?” என்று தம்பி கேட்டான். கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பாலத்து இறக்கத்திலே மாடொன்று குறுக்கிட, அவன் பிரேக்கை முழு வலிமையோடும் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. மாடு தப்பியது. தம்பிக்கு வலக்கை மணிக்கட்டு இரண்டிடத்தில் முறிந்தது. அவன் மிருதங்கம் பயின்று கொண்டிருந்தவன்.

அதன்பின் அச்சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தேன். முன்சக்கர டிரம்மினுள் இரண்டு ஷூக்கள் உள. ஒவ்வொன்றையும் தள்ளுதற்குத் தனித்தனி லீவரும் கேமும் உண்டு. இரண்டு லீவர்களையும் வெளியே ஒரு கம்பி இணைக்கின்றது. இரு ஷூக்களும் சக்கரம் சுழலும் போக்கிலேயே அழுந்துவதால், சுழற்சியே அவற்றை மேலும் இறுக்கும் என்பது அவ்வமைப்பின் சிறப்பு. ஆனால் அவ்விணைப்புக் கம்பியின் நீளம் பிசகியிருப்பின், ஒரு ஷூ தொடும், மற்றொன்று தொடாது. என் வண்டியில் நேர்ந்தது அதுவே. ஒன்றன் லைனிங் கண்ணாடிபோல் மழமழப்பேறியிருந்தது. மற்றொன்றின்மேல் பழந்தூசி கலையாமற் படிந்திருந்தது. அக்கம்பியின் திருகை இரண்டொரு சுற்றுத் திருப்புதற்குக் காசு ஒன்றும் வேண்டியதில்லை. குரோமியப் பூச்சிற்கு நான் கொடுத்த தொகையை இங்கு எழுத வெட்கமாயிருக்கின்றது.

ஆதலின் நான் சொல்வது இது: வண்டியை ஓடச் செய்யுமுன் அதனை நிற்கச் செய்யுங்கள். பழைய ஷூக்களைக் கழித்துவிட்டுப் புதிய லைனிங் இடுக. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக் கூடுமாதலால், அத்தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். டிரம் வட்டம் பிசகியிருந்தால் லேத் பட்டறையிற் காட்டுக. இணைப்புக் கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடும் நிலையைக் கண்டு, இரண்டும் ஒருங்கே தொடுமாறு கம்பியைப் பொருத்துக. கேபிளிற் பிரிந்த இழை ஒன்று காணப்படினும் அதனை மாற்றிவிடுக. டயரின் பக்கத்தில் அது செய்யப்பட்ட காலத்தைக் குறிக்கும் எண் இருக்கும். நான்கு இலக்கமாயின் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்றே இலக்கமாயின் அது 2000-ஆம் ஆண்டிற்கு முற்பட்டது. அத்தகைய டயர் எவ்வளவு அழகாய் இருப்பினும் அதன்மேல் ஏறற்க.

இயந்திரத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வண்டி வீட்டிற்கு வந்த அன்றே கிக்கரை ஓங்கி மிதித்து அதன் முழக்கத்தைக் கேட்க விழைவது இளைஞர் இயல்பு. துருவேறிய பிஸ்டன் வளையங்கள் அங்ஙனம் மிதித்தலால் உடையும். சிலிண்டர்ச் சுவரும் கீறுண்ணும். பிளக்கைக் கழற்றி, அத்துளைவழியே எண்ணெய் விட்டு, இரண்டொரு நாள் பொறுத்திருந்து, கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. இனி, கிராங்க்கின் இருபுறத்திலும் உள்ள ஆயில் சீல்கள் காலத்தால் உலர்ந்து இறுகிப் போயிருக்கும். வலப்புறத்துச் சீல் கெட்டால் கியர்ப்பெட்டி எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டுப் புகை எழும். அது கண்ணுக்குத் தெரியும் குறை. இடப்புறத்துச் சீல் கெட்டாலோ காற்றுப் புகுந்து, பெட்ரோற் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி, ஓடும்போதே இறுகிப் பிடித்துக் கொள்ளும். பின்சக்கரமும் அதனோடு நின்றுவிடும். அப்பொழுது கிளட்ச்சைப் பிடிக்கும் நினைவு புதியவனுக்கு வருதல் அரிது. எனவே சீல்களை மாற்றாது வேகம் பார்த்தலும் தகாது. ஜப்பானிய அளவில் அமைந்த ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கடையிற் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகி, அவற்றின் தலையைத் தேய்த்துவிட்டு வருந்தாதார் இத்தொழிலில் ஒருவருமிலர். நானும் ஏழு ஸ்க்ரூக்களைக் கெடுத்தேன்.

பெட்ரோலும் இன்று பழைய பெட்ரோலன்று. இந்நாளில் விற்பதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்த்து டேங்க்கைத் துருவேற்றும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். குழாய்களை மாற்றுவதோடு, ஓட்டாத மாதங்களில் டேங்க்கைக் காலியாக்கி வைத்தலும் நலம். சட்டப் பத்திரங்களைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை: பதிவு 15 ஆண்டிற்குரியது, பின்னர் ஐந்தாண்டிற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டில் வந்த பழம்பெரும் வண்டி விதிகள் 50 ஆண்டு கடந்தவற்றிற்கே உரியன. 1983-இல் பிறந்த வண்டி அதற்கு 2033 வரை காத்திருத்தல் வேண்டும். இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

இனி, இரண்டு மறுப்புக்கள் எழலாம். பழைமையை விரும்புவோர், “தொழிற்சாலையினின்று வந்தவாறே ஒவ்வொரு திருகும் இருத்தல் வேண்டும்” என்பர். வண்ணத்திலும் எழுத்திலும் அவர் கொள்கை தக்கதே. ஆனால் பிரேக்கிற்கு அதனைக் கொணர்தல் பொருந்தாது. சட்டம் இடங்கொடுக்கும் அளவில் ஒருவர் முன்சக்கரத்திற்கு டிஸ்க் பிரேக் பொருத்துவாராயின், மூல வண்டியிலும் அஃது இருந்தமையால், நான் அவரைக் குறை கூறேன். முதியோரோ, “முதல் முயற்சிக்கு இவ்வளவு பெரிய வண்டி ஏன்?” என்பர். இவர்கள் கூற்றே எனக்கு உடன்பாடு. 1985 முதல் 1996 வரை இந்நாட்டிற் செய்யப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100 என்பது 98 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. கார்புரேட்டரும் ஒன்றே, உதிரிப் பாகங்களும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களிற் கிடைக்கும். டூ-ஸ்ட்ரோக்கின் இயல்பு முழுவதையும் அதிற் கற்றுக்கொண்டு, பின் ராஜ்தூத்திடம் செல்லலாம். இளைஞர் இதனைக் கேளார் என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சொன்னவர்களிடம் நானும் கேட்டேனில்லை.

என் வண்டியை மறுபடியும் முழுவதும் பிரித்தேன். பொருத்தி முடிக்கப் பதினொரு மாதம் சென்றது. முதலில் ஆளில்லாத மைதானத்திலே சுண்ணாம்புக் கோடு கிழித்து, இருபது கிலோமீட்டர் வேகத்திலும், பின் முப்பதிலும் நாற்பதிலும் ஓடிவந்து, கோட்டினின்று எத்தனை அடியில் நிற்கின்றது என்று அளந்தேன். அன்று வந்து அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் தம்பியே. இடக்கையால் பிடித்தான். டேங்க்கில் அன்று விழுந்த நெளிவை இன்னும் தட்டி எடுக்கவில்லை; வண்ணமும் பூசவில்லை.